முருகைக்கல்லும் வண்ணமீனும்

வீட்டிலே கிளி வளர்ப்பார் உளர். புறா வளர்ப்பார் உளர். பூஞ்செடி வளர்ப்பார்க்குக் குறைவே இல்லை. நன்னீர் மீன்களைக் கண்ணாடித் தொட்டியில் இட்டு விறாந்தையிலே வைத்திருப்போரையும் நம்மூரில் இப்பொழுது காண்கிறோம். ஆனால், உப்புக் கடலையே வீட்டினுள் அமைத்து, அதிலே மீனையும் முருகையையும் ஒருங்கே வாழவைத்தல் வேறொரு கலை. மீனை மட்டும் வளர்த்தல் ஓரளவு எளிது. முருகையை மட்டும் வளர்த்தலும் முயன்றால் முடியும். இரண்டையும் ஒரே நீரிலே, ஒன்றையொன்று அழிக்காதபடி வாழச் செய்வதிலேதான் வளர்ப்பவருடைய அறிவும் பொறுமையும் சோதிக்கப்படுகின்றன. அச்சோதனையை அருகிருந்து காணும் வாய்ப்பு, 2018 ஆம் ஆண்டு ஆகஸ்ட் விடுமுறையிலே, கடலே இல்லாத ரொறன்ரோ நகரில் எனக்குக் கிட்டியது.

முருகை என்பது பவளப்பாறை என்று பாடநூல்கள் குறிப்பதுவே. பார்ப்பவர் அதனைக் கல் என்பர். சிலர் செடி என்பர். உண்மையில் அது விலங்கு. பூவைப் போல விரிந்து, வாயைச் சுற்றிச் சிறு கைகள் பல கொண்ட எண்ணற்ற நுண்ணிய உயிர்கள் ஒன்றோடொன்று ஒட்டி வாழும் குடியிருப்பே முருகை. அவை கடல்நீரிலுள்ள கல்சியத்தை எடுத்துத் தமக்குச் சுண்ணாம்பு வீடு கட்டிக்கொள்ளுகின்றன. அவற்றின் உடலினுள்ளே ஒற்றைக் கலத்தாலான பாசிகள் குடியிருந்து, சூரிய ஒளியைக் கொண்டு உணவு ஆக்கி, அதிற் பெரும் பகுதியை முருகைக்கே கொடுக்கின்றன. விலங்கு வீடு கொடுக்கிறது. பாசி சோறு கொடுக்கிறது. நாம் வாழும் யாழ்ப்பாணக் குடாநாடே பழங்காலக் கடலுயிர்களின் ஓடுகளும் கூடுகளும் படிந்து இறுகிய சுண்ணக்கல்லின் மீது அமைந்ததுதானே! சண்டிலிப்பாயிலே கிணறு வெட்டும்போது மேலே வரும் கல்லை உற்றுப் பார்ப்பவர், பழைய கடலின் சுவடுகளைக் காணலாம்.

வீட்டினுள் முருகை வளர்க்கும் ஆசை புதிதன்று. 1846 ஆம் ஆண்டிலே ஆங்கில மாது ஒருவர், அன்னா தைன் என்பவர், இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள ரோக்கியிலிருந்து கல்முருகைகள் சிலவற்றை இலண்டனுக்குக் கொண்டு சென்றார். காற்றுப் பம்பும் மின்சாரமும் இல்லாத காலம் அது. நீரிலே உயிர்வளி குன்றாதிருக்க, வேலைக்காரப் பெண்ணைக் கொண்டு திறந்த சாளரத்தின் அருகே கடல்நீரை ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்கு நாள்தோறும் நெடுநேரம் ஊற்றி ஆற்றச் செய்தாராம். தேநீர் ஆற்றும் நம் கடைக்காரருக்கு அந்த வித்தை விளங்கும். தமிழ்நாட்டிலும் 1909 ஆம் ஆண்டிலேயே சென்னைக் கடற்கரையில் ஒரு மீன்காட்சிச்சாலை திறக்கப்பட்டது. அரும்பொருட்சாலையின் தலைவராயிருந்த எட்கார் தேர்ஸ்டனின் முயற்சியால் எழுந்த அது, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மூடப்படும் வரை மக்களைக் கவர்ந்தது. பின்னர், இந்தோனேசியாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர், உயிருள்ள நுண்ணுயிர்கள் நிறைந்த கடற்பாறைகளைத் தொட்டியில் இட்டால் அவையே நீரைத் தூய்மையாக்கும் என்று கண்டு, தமது இயற்கை முறையை 1961 இல் எழுதி வெளியிட்டார். இன்று உலகெங்கும் முருகை வளர்ப்போர் கையாளும் முறைகளுக்கு அது ஒரு முன்னோடி.

நான் கண்ட தொட்டிக்கு உரியவர் என் அக்காவின் கணவர். அத்தான் பிறந்தது மாதகலில். சண்டிலிப்பாயிலிருந்து சைக்கிளிலே அரைமணி நேரத்திற்குள் போய்ச் சேரக்கூடிய கரை அது. வற்று நேரத்திலே முழங்கால் அளவு நீரில் நடந்து, முருகை இடுக்குகளில் ஒளியும் சிறு மீன்களை எண்ணுவது அவருடைய பாலியப் பொழுதுபோக்கு. 1986 இலே நாட்டை விட்டுப் போனவர், நெடுங்காலம் திரும்பவில்லை. 1990 இன் பின்னர் போரினால் அக்கரையோரத்து மக்கள் இடம்பெயர்ந்தார்கள். அத்தான் காண விரும்பிய கடற்கரைக்கு அருகிலிருந்த நாங்களும் பல ஆண்டுகள் போக முடியவில்லை. பனி பொழியும் ஊரிலே அவர் தொட்டி வளர்க்கத் தொடங்கியமைக்குக் காரணம் வேறு தேட வேண்டியதில்லை.

நான் புறப்படுவதற்கு இரண்டு கிழமை முன்பு தொலைபேசியிலே அவர் ஒன்று கேட்டார். “தம்பி, எனக்கு உடுப்பும் வேண்டாம், பலகாரமும் வேண்டாம். மாதகற் கரையிலே ஒதுங்கிக் கிடக்கும் முருகைக்கல் ஒன்று கொண்டு வா. இரு கை கொள்ளும் அளவு போதும். தொட்டியின் நடுவிலே வைக்க வேண்டும்.”

நான் இயலாது என்றேன். அத்தானுக்கு இயலாது என்று சொல்வது எனக்கு அதுவே முதல் தடவை.

“செத்துக் கிடக்கிற சிறு கல்தானே, தம்பி?” என்றார். குரலிலே மனவருத்தம் தெரிந்தது.

கல் சிறிதுதான். ஆனால் சட்டம் அளவு பார்ப்பதில்லை. இலங்கையில் 1981 ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டமும், 1988 இல் அதற்குச் செய்யப்பட்ட திருத்தமும் கரையோர வலயத்தில் முருகை அகழ்வதையும் எடுத்துச் செல்வதையும் சுண்ணாம்புக்காகச் சுடுவதையும் தடுக்கின்றன. கல்முருகைகள் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழும் காக்கப்படுகின்றன. அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்த 1973 இல் வாஷிங்டனில் எழுந்த உலக உடன்படிக்கையிலும் கல்முருகைகள் அடங்கும். உயிர் போன கூட்டுக்கும் அது பொருந்தும். இலங்கை அதில் 1979 முதல் ஓர் உறுப்பு நாடு. இவை யாவும் இல்லாவிடினும் என் விடை மாறியிராது. செத்த முருகையும் கடலுக்கு வேண்டியதே. அதன் துவாரங்களிலே நண்டுக் குஞ்சும் மீன் குஞ்சும் ஒளிகின்றன; அதன்மீதுதான் அடுத்த தலைமுறை முருகை வந்து ஒட்டுகிறது; அலையின் வேகத்தை அதுவும் சேர்ந்து தணிக்கிறது. இவற்றை வகுப்பிலே மாணவர்க்குச் சொல்லிவிட்டு, மாலையிலே பையுடன் கரைக்குப் போக என்னால் இயலாது. பனங்கட்டியும் ஒடியல் மாவும் கொண்டு போனேன். அக்கா மகிழ்ந்தார், அத்தான் வாங்கி வைத்தார், கல்லைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை.

தொட்டி நான்கடி நீளமும் ஈரடி அகலமும் ஈரடி உயரமும் உடையது. ஏறக்குறைய 450 லீற்றர் நீர் கொள்ளும். ஒரு லீற்றருக்கு 35 கிராம் வீதம், ஏறத்தாழ 16 கிலோகிராம் கடலுப்புக் கலவையைத் தூய்மையாக்கிய நன்னீரிற் கரைத்து அவர் தமது கடலை ஆக்கியிருந்தார். வெப்பநிலை 25 பாகை செல்சியஸ். நீர் ஆவியாகிக் குறையும்போது நன்னீரையே விடுகிறார். ஆனையிறவு உப்பளத்தை அறிந்த நமக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை: நீர் போகும், உப்புப் போகாது. குறைந்த இடத்தை மீண்டும் உப்புநீரால் நிரப்பினால், சில கிழமைகளிலே தொட்டி உப்பளமாகிவிடும்.

மீனுக்கும் முருகைக்கும் முதல் முரண்பாடு நீரிலேதான் தொடங்குகிறது. மீன் உண்ணுகிறது, கழிக்கிறது. அக்கழிவிலிருந்து அமோனியா பிறக்கிறது. கண்ணுக்குத் தெரியாத பற்றீரியாக்கள் அதனை நைத்திரைற்றாகவும், பின்னர் நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. முன்னைய இரண்டும் மீனுக்கு நஞ்சு. கடைசியானதை மீன் ஓரளவு தாங்கும். ஆதலால் புதிய தொட்டியில் அந்தப் பற்றீரியாக்கள் பெருகும்வரை, நான்கு முதல் ஆறு கிழமை, மீன் விடாது காத்திருத்தல் வேண்டும். ஆனால் மீன் தாங்கும் நைத்திரேற்றை முருகை தாங்காது. பாசி கொழுத்து அதனை மூடும். முருகை வளர்ப்போர் நைத்திரேற்றை ஒரு லீற்றருக்குச் சில மில்லிகிராமுக்குள் அடக்க முயல்கிறார்கள். எனவே மீன் தொகை குறைதல் வேண்டும். உணவு அளவோடு இருத்தல் வேண்டும். நீரின் ஒரு பகுதியை ஒழுங்காக மாற்றுதல் வேண்டும். அத்தான் நைத்திரேற்றைச் சிறு குழாயிலே அளந்து கொப்பியில் எழுதுவதைப் பார்த்தபோது, வலிகாமத்துக் கிணறுகளை நினைத்தேன். தோட்டத்துக்கு இட்ட உரமும் மலகூடத்துக் கழிவும் சுண்ணக்கல்லின் வெடிப்புகள் வழியே இறங்கி, நம் கிணற்று நீரிலும் நைத்திரேற்றைக் கூட்டுகின்றன. அது மிகுந்த நீர் கைக்குழந்தைக்குக் கேடு. அதனை அளந்து கொப்பியில் எழுதுவோர் நம்மிலே எத்தனை பேர்?

நோய் வந்தாலும் இதே முரண்பாடுதான். மீனுக்கு வெண்புள்ளி நோய் கண்டால் செம்பு கலந்த மருந்து தருவர். மீனைக் காக்கும் செம்பு முருகையையும் இறாலையும் கொன்றுவிடும். ஆகவே அத்தான் நிலக்கீழ் அறையிலே வேறொரு சிறு தொட்டி வைத்திருந்தார். புதிதாக வரும் மீன் சில கிழமை அங்கே தனித்திருந்து, நோயில்லை என்று கண்ட பின்னரே பெரிய தொட்டிக்கு வரும்.

இரண்டாவது முரண்பாடு வாயிலே இருக்கிறது. கடலின் அழகிய மீன்கள் பலவற்றுக்கு முருகையே ஆகாரம். கிளிமீன் தன் அலகு போன்ற பல்லினால் முருகைப் பாறையைச் சுரண்டித் தின்று மணலாகக் கழிக்கிறது. முருகைக் கரைகளின் வெண்மணலிலே ஒரு பங்கு கிளிமீனின் கொடை. கிளாத்தி நண்டையும் மட்டியையும் உடைக்கும். முருகைக் கிளையையும் கடிக்கும். வண்ணத்துப்பூச்சி மீன்களுட் சில, முருகையின் சதையையன்றி வேறெதனையும் தீண்டாது பட்டினி கிடந்து மாயும். அவற்றைத் தொட்டியில் விட்டால் ஒன்று முருகை அழியும். அன்றேல் மீன் அழியும்.

அப்படியாயின் யாருக்கு இடம்? அத்தானுடைய தொட்டியில் கோமாளி மீன் இரண்டு, பச்சைச் சிறுமீன் ஆறு, துப்புரவு செய்யும் இறால் ஒன்று, மஞ்சள் நிறத்து ஓரா ஒன்று. ஓராவைக் கண்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. நம் வீட்டுச் சட்டியிலே கொதிக்கும் ஓராவின் இனத்தது அங்கே விருந்தினர் போல உலாவிற்று. அதன் செட்டை முள் குத்தினால் எப்படிக் கடுக்கும் என்பது நம் கடற்றொழிலாளர்க்குத் தெரியும். ஆயினும் பாசியை மேய்ந்து முருகையைக் காப்பதில் அது வல்லது. பசி மிகுந்தால் முருகையையும் கொத்தக்கூடும். அதனால் ஜப்பானியர் சோற்றுடன் சுற்றி உண்ணும் கடற்பாசித் தாளில் ஒரு துண்டை அத்தான் நாள்தோறும் அதற்குக் கொடுக்கிறார். “ஓராவைத் திட்டிப் பயனில்லை, தம்பி. அதன் வயிறு நிறைந்திருந்தால் என் முருகை பிழைக்கும்” என்றார்.

முருகைகள் தம்முள்ளும் பகை கொள்வன என்பதை அங்கேதான் கண்ணாற் கண்டேன். பகலிலே பூந்தோட்டம் போலத் தோன்றும் அவை, இரவிலே நீண்ட கொடுக்குக் கைகளை நீட்டி அயலாரைச் சுடுகின்றன. எலும்பில்லாத மென்முருகைகள் நீரிலே நச்சுச் சாற்றைக் கசியவிடுகின்றன. இடம் சிறிது, ஒளி சிறிது, அதற்காகவே போர். அதனால் அத்தான் ஒன்றுக்கொன்று ஒரு சாண் இடைவெளி விட்டே நட்டிருந்தார். ஒளி மிக வேண்டும் மான்கொம்பு முருகை மேலே. ஒளி குறையினும் பொறுக்கும் மூளை முருகை கீழே. நச்சுச் சாற்றை உறிஞ்சக் கரித்தூள். அவை யாவும் கடலிலிருந்து பிடுங்கியவை அல்ல. முருங்கைத் தடியை நட்டு மரமாக்குவது போல, தொட்டியிலே வளர்ந்த தாய் முருகையிலிருந்து விரலளவு துண்டை வெட்டிக் கல்லில் ஒட்டி வளர்த்தவை.

இத்தனை ஏற்பாடும் மின்சாரத்தை நம்பியது. 2013 டிசம்பரிலே ரொறன்ரோவிற் பெய்த பனிக்கட்டி மழையால் மரங்கள் முறிந்து, கம்பிகள் அறுந்து, இலட்சக்கணக்கான வீடுகள் இருண்டன. அத்தான் வீட்டில் மூன்று நாள் மின்சாரம் இல்லை. வெளிச்சமின்றி முருகை சில நாள் தாங்கும்; நீரோட்டமும் சூடும் இன்றித் தாங்காது. அக்காவும் பிள்ளைகளும் தம் போர்வைகளைத் தொட்டிக்குச் சுற்றினார்கள். மின்கலத்தில் ஓடும் சிறு காற்றுப் பம்பை வைத்தார்கள். வாயு அடுப்பிலே நீர் கொதிக்கவைத்துப் போத்தலில் அடைத்துத் தொட்டியில் மிதக்கவிட்டார்கள். இரவிலே முறைவைத்து விழித்திருந்தார்கள். மான்கொம்பு முருகை வெளிறி இறந்தது, மற்றவை பிழைத்தன. “மூன்று நாள் நீர் குளிர்ந்ததற்கே இந்தப் பாடு” என்று அக்கா சொன்னார்.

எனக்குக் கடல் சூடேறிய கதை நினைவுக்கு வந்தது. வழமையான கோடைச் சூட்டுக்கு மேல் ஒரு பாகை மட்டும் உயர்ந்து சில கிழமை நிலைத்தாலே போதும். முருகை தன்னுள் வாழும் பாசியை வெளியேற்றி வெளிறிவிடும். 1998 இல் எல் நினோவால் இந்து சமுத்திரம் சூடேறியபோது, இக்கடுவைப் பகுதி முருகைகள் பெருமளவில் அவ்வாறே மாண்டன. கடலுக்குச் சுற்றிவிடப் போர்வை ஏது?

விடுமுறை முடியுமுன் ஒருநாள், அத்தானோடும் அவருடைய இளைய மகளோடும் மீன் கடை ஒன்றுக்குப் போனேன். என் மருமகளுக்கு அப்பொழுது பதினொரு வயது. மஞ்சளும் கறுப்பும் கோடிட்ட வண்ணத்துப்பூச்சி மீன் ஒன்றின் முன்னே நின்றவள் அசையவில்லை. வாங்கித் தரும்படி கெஞ்சினாள்.

அத்தான் குனிந்து சொன்னார்: “இது நம் முருகையைத் தின்னும், அம்மா. தின்னாவிட்டால் பட்டினியால் சாகும். அழகாக இருக்கிறது என்பதற்காக இதை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது.”

“ஒரு சின்ன மீன்தானே, அப்பா?” என்றாள் அவள்.

அத்தான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். சிறிது நேரம் கழித்து அவரே சிரித்துவிட்டார். அன்றிரவு சாப்பிடும்போது, “மாதகலில் அந்தக் கல் கிடக்கும் இடத்திலேயே கிடக்கட்டும், தம்பி. நான் வந்து பார்த்துக்கொள்ளுகிறேன்” என்றார். ஒடியற் கூழ் அன்றைக்குத்தான் காய்ச்சினோம்.

மாணவர் சிலர் என்னிடம் வந்து, “ஐயா, நீமோ மீன் வளர்க்கலாமா?” என்று கேட்பதுண்டு. 2003 இல் வந்த திரைப்படம் தந்த ஆசை அது. வளர்க்கலாம் என்றே சொல்வேன். கோமாளி மீனைப் பிடித்துத்தான் வளர்க்க வேண்டும் என்பதில்லை. தொட்டியிலேயே குஞ்சு பொரிக்கவைக்கும் முறைகள் உண்டு. பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடலுயிரியல் நிலையத்திலும் அதனைச் செய்து காட்டியிருக்கிறார்கள். கடலிலே அது நச்சுக் கைகளையுடைய கடற்சாமந்தியின் மடியில் வாழ்ந்தாலும், தொட்டியில் அச்சாமந்தி இன்றியும் வாழும். நம் நாட்டிலே உயிர் முருகையைக் கடலிலிருந்து எடுக்கச் சட்டம் இடந்தராது. ஆதலால் சீமெந்தாலும் சுட்ட மண்ணாலும் குகை அமைத்து, வளர்ப்பிற் பிறந்த மீன் இரண்டொன்றை விட்டு மகிழலாம். தொட்டி பெரிதாகவும், மீன் சிலவாகவும் இருக்கட்டும். விலை கேட்குமுன் அது என்ன தின்னும், எவ்வளவு வளரும், யாரைத் துரத்தும் என்ற மூன்றையும் கேளுங்கள். விடை தெரியாத மீனைக் கடையிலேயே விட்டுவிடுங்கள்.

மீனும் முருகையும் சேர்ந்து வாழும் காட்சியைக் காண விரும்பும் குடும்பத்தார்க்கு வேறு வழியும் உண்டு. திருகோணமலை நிலாவெளிக்கு எதிரே, 2003 இலே தேசிய பூங்காவாக்கப்பட்ட புறாத்தீவு இருக்கிறது. அமைதியான பருவத்தில் முகக்கண்ணாடி அணிந்து நீரிற் குனிந்தால் போதும். அங்கே கிளிமீன் முருகையைத் தின்னும். முருகை அயல் முருகையைச் சுடும். ஆயினும் இடம் விரிந்ததாகையால் எல்லாம் நிலைக்கும். காலை முருகைமேல் ஊன்றாது மிதந்து பாருங்கள்.

சென்ற ஆண்டு என் மாணவர் பன்னிருவரை வற்று நேரம் பார்த்து மாதகற் கரைக்கு அழைத்துச் சென்றேன். முழங்கால் நீரிலே நின்று, தொடாமல், கண்டவற்றைக் கொப்பியிலே வரையச் சொன்னேன். ஒருவன் சிறு ஓராக் கூட்டம் ஒன்று பாசி மேய்வதை வரைந்திருந்தான். அப்படத்தைத் தொலைபேசியிற் பிடித்து அத்தானுக்கு அனுப்பினேன். எந்தப் பாறைக்கு அருகில் என்று கேட்டு உடனே விடை வந்தது. அதற்கடுத்த கிழமையே ஊருக்கு வரப் பயணச்சீட்டும் எடுத்துவிட்டார்.